தனபாக்கியத்துக்கு நான் தேர்ந்தெடுத்த பரீட்சை

போன மாதம் வேலப்பன்சாவடியில் இருக்கும் உங்கள் பயிற்சி நிலையத்துக்கு வந்திருந்தேன். என் தம்பியின் பேத்திக்குச் சட்டம் படிக்க வேண்டுமாம். இந்தியா முழுமைக்கும் ஒரு நுழைவுத் தேர்வு, தனியார் கல்லூரிகள் வைப்பது ஒன்று, வடக்கே ஒரு பல்கலைக்கழகம் தனியாக நடத்துவது இன்னொன்று என்று வீட்டில் மூன்று வாரமாக ஒரே ரகளை. எதை எழுதுவது என்று யாருக்கும் விளங்கவில்லை. உங்கள் விசாரணை மேசையில் இருந்த பெண் என்னோடு வந்த பேத்தியின் மதிப்பெண்களைக் கேட்டார், கணிப்பொறியில் தட்டினார், "இதை எழுதும்மா, இதுலதான் உனக்கு சான்ஸ் ஜாஸ்தி" என்று சொல்லி முடித்துவிட்டார். கடிகாரத்தைப் பார்த்தேன். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

நான் ஒரு காலத்தில் அதைவிட வேகம். அதே வேலையைப் பூந்தமல்லியில் பதினான்கு வருடம் பார்த்தவன் என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன். "அப்படின்னா எங்க ஸ்டாஃபுக்கு ஏதாவது எழுதிக் குடுங்க சார்" என்று அந்தப் பெண் பிடித்துக்கொண்டார். வெற்றிக் கதை வேண்டுமென்றால் என்னிடம் ஒரு மூட்டை இருக்கிறது. அதை விட்டுவிட்டு, இன்றைக்கும் எனக்குக் குழப்பம் தீராத ஒன்றை எழுதுகிறேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

அறுபத்தாறு, அறுபத்தேழு வாக்கில் நடந்தது. பூந்தமல்லி பஸ் நிலையத்துக்கு எதிரே, சைக்கிள் கடை மாடியில் எங்கள் டுடோரியல். நடத்தியவரை முதலாளி என்று சொன்னால் கோபம் வரும், முதல்வர் என்றுதான் கூப்பிட வேண்டும். நல்ல மனுஷர்தான். ஆனால் விசாரணை மேசைக்கு அவர் வைத்திருந்த சட்டம் ஒன்றே ஒன்று.

"வந்தவன் நாற்காலில உக்கார்றதுக்குள்ள பதில் சொல்லிடணும். 'தெரியாது'ங்கிற வார்த்தை இந்த மேஜைல வரவே கூடாது. தெரியாதுன்னு சொன்னியோ, அவன் நேரா எதிர் மாடிக்குப் போயிடுவான், ஞாபகம் வெச்சுக்க."

எதிர் மாடியில் இன்னொரு டுடோரியல் இருந்தது. அங்கேயும் இதே சட்டம்தான் என்று பிற்பாடு தெரிந்துகொண்டேன். ஆக, பூந்தமல்லியில் பரீட்சை பற்றித் தெரியாத விஷயம் என்று எதுவுமே கிடையாது.

எனக்கு அந்தச் சட்டம் பிடித்திருந்தது, மறைப்பானேன். எஸ்.எஸ்.எல்.சி. மதிப்பெண் புத்தகத்தைப் புரட்டி மார்க்கைப் பார்ப்பேன், உடனே வாக்கு சொல்வேன். கணக்கில் ஐம்பது, அறிவியலில் நாற்பதா? நீ இதற்குப் போ. கணக்கு ததிங்கிணத்தோமா? நீ அதற்குப் போ. பையன்கள் எனக்கு 'மார்க் ஜோசியர்' என்று பெயர் வைத்திருந்தார்கள். வெளியே முறைத்தாலும் உள்ளுக்குள் குளிர்ந்துதான் இருந்தேன்.

அப்போதெல்லாம் சட்டக் கல்லூரிக்கு என்று இன்றைக்குப் போல நுழைவுத் தேர்வு இல்லை. ஒரு பட்டம் வேண்டும், அவ்வளவுதான். ஆனால் எஸ்.எஸ்.எல்.சி.யோடு வேலைக்குப் போய்விட்டவர்கள் அந்தப் பட்டத்துக்கு எந்த வாசல் வழியாக நுழைவது என்பதில்தான் சிக்கல். ஒரு வாசல் பி.யூ.சி. என்ற புகுமுக வகுப்புப் பரீட்சை. பெண்கள் அதை வீட்டிலிருந்து படித்தே எழுதலாம். அதில் ஆங்கிலம் முதல் தாளிலேயே வந்து மார்பில் ஏறி உட்காரும். இன்னொரு வாசல் புலவர் நுழைவுத் தேர்வு. முழுக்க முழுக்கத் தமிழ். அதில் நுழைந்து, படிப்படியாகப் புலவர் பட்டம் வாங்கி, கடைசியில் ஆங்கிலத்தை மட்டும் தனியாக எழுதித் தேறினால் பட்டதாரிக்குச் சமம் என்றார்கள். தலையைச் சுற்றி மூக்கைத் தொடுகிற வழி. ஆங்கிலம் என்றாலே ஓடுகிறவர்களுக்கு அது வரப்பிரசாதம். என் கையால் அந்த வாசலுக்குள் தள்ளிவிட்டவர்கள் பலர் தமிழாசிரியர்களாகி, கல்யாணப் பத்திரிகை வைத்துக் கும்பிட்டிருக்கிறார்கள்.

இரண்டு விண்ணப்பத்துக்கும் கடைசித் தேதி அந்த வருடம் ஒன்றாக வந்தது. பரீட்சைகளும் சித்திரையில் ஒரே வாரத்தில். அந்தக் கடைசித் தேதியன்று மாடிப்படி முழுக்கக் கூட்டம். நாலு மணிக்குத் தபால் கட்டு கட்டிவிடுவார்கள், அப்போது மூன்றேகால். கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஒரு பெண் வந்து நின்றார். வயது இருபத்தைந்துக்குள் இருக்கும். வாயும் வயிறுமாக இருந்தார். பெயர் தனபாக்கியம். வானகரத்துக்காரர், அம்பத்தூரில் ஒரு தொழிற்சாலையில் பெட்டி கட்டும் பிரிவில் வேலை. அப்பா அம்மா இருவரும் அடுத்தவர் நிலத்தில் நாற்று நட்டவர்கள். அந்தக் குடும்பத்தில் எஸ்.எஸ்.எல்.சி. தாண்டிய முதல் ஆள் இவர்.

உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை. ஒரு தாளை மேசையில் வைத்தார். பி.யூ.சி. விண்ணப்பம், தானே பூர்த்தி செய்தது. எழுத்து கோழி கிளறியது போல இருந்தாலும் ஒரு இடம் விடாமல் எழுதியிருந்தார். கட்டணத்துக்கு ஒரு போஸ்டல் ஆர்டரும் குத்தியிருந்தது.

"சார், நான் வக்கீலுக்குப் படிக்கணும். இத்த சரியா எயுதிகீறனா பாத்துக் குடு சார்."

நன்றாகக் கவனியுங்கள். எதை எழுதுவது என்று அவர் என்னைக் கேட்கவில்லை. சரிபார்க்கத்தான் சொன்னார். அது என் காதில் விழவே இல்லை. பழக்கதோஷம், கை தானாக எஸ்.எஸ்.எல்.சி. புத்தகத்துக்கு நீண்டது. தமிழ் எழுபத்தெட்டு. ஆங்கிலம் முப்பத்தாறு.

"இது வேணாம்மா. புலவர் நுழைவுத் தேர்வு எழுது" என்றேன்.

"அது இன்னா பரீட்சை?"

வழியைச் சொன்னேன். மூச்சு விடாமல் சொன்னேன். பின்னால் நின்றவர்கள் நெருக்கிக்கொண்டிருந்தார்கள். அவர் முகம் போன போக்கிலேயே தலை சுற்றுகிறது என்று தெரிந்தது.

"அதுல போனா வக்கீலு ஆவ முடியுமா சார்? நல்லா யோசிச்சிச் சொல்லு. வைகாசில எனக்குக் கொயந்த பொறக்கும். அப்பால ரெண்டு மூணு வருசம் ஊட்ட விட்டு நவர முடியாது. எனக்கு இது ஒரு தபாதான்."

சட்டக் கல்லூரியில் அந்தச் சுற்று வழிப் பட்டத்தை ஏற்பார்களா? எனக்குத் தெரியாது. சத்தியமாகத் தெரியாது. அதுவரை தமிழாசிரியர் ஆக விரும்பியவர்களைத்தான் அந்த வழியில் அனுப்பியிருக்கிறேன். நாக்கு நுனியில் அந்த வார்த்தை வந்து நின்றது. உள்ளறையில் முதல்வர் செருமினார். அது எனக்காகச் செருமியது இல்லை, அவருக்கு எப்போதும் சளி. ஆனாலும் எனக்கு அது போதுமானதாக இருந்தது.

"தாராளமா ஆகலாம்" என்றேன்.

புதுப் படிவம் எடுத்து, முத்து முத்தாக நானே எழுதினேன். நுழைவுச் சீட்டு பத்திரமாக வர வேண்டும் என்று எங்கள் டுடோரியல் முகவரியையே போட்டேன். அவருடைய படிவத்திலிருந்து போஸ்டல் ஆர்டரைக் கழற்றி இதில் குத்தினேன். பழைய படிவத்தை மடித்து அவர் கையிலேயே கொடுத்துவிட்டேன். மணி மூன்று முப்பத்தைந்து. உறையைத் தூக்கிக்கொண்டு, வயிற்றை ஒரு கையால் தாங்கியபடி அவர் படியிறங்கினார். அடுத்த ஆளை அழைத்தேன்.

அன்று மாலை தேநீர் குடிக்கும்போதுதான் உறுத்த ஆரம்பித்தது. எங்கள் தமிழ் ஆசிரியரிடம் கேட்டேன். "ஏற்காம என்ன? பட்டம்னா பட்டம்தானே!" என்றார். தைரியம் வந்தது. அடுத்த வாரம் ஒரு வக்கீல் குமாஸ்தாவிடம் கேட்டேன். "புலவர் படிச்சவன் வக்கீலா? கோர்ட்டுல பாட்டு பாடப் போறானா?" என்று சிரித்தார். வந்த தைரியம் போய்விட்டது. பல்கலைக்கழகத்துக்கே பதில் அட்டை வைத்து எழுதிப் போட்டேன். ஒரு மாதம் கழித்து, 'நடைமுறையில் உள்ள விதிகளின்படி பரிசீலிக்கப்படும்' என்று பதில் வந்தது. அந்த அட்டையைத் திருப்பித் திருப்பிப் படித்தேன். ஆம் என்று நினைத்துப் படித்தால் ஆம் போல இருந்தது, இல்லை என்று நினைத்துப் படித்தால் இல்லை போல இருந்தது.

இந்தக் குழப்பம் போதாதென்று, பங்குனியில் நுழைவுச் சீட்டுகள் வரத் தொடங்கின. எங்கள் முகவரிக்குக் கட்டுக் கட்டாக வந்தன. தனபாக்கியத்தின் சீட்டு வரவில்லை. தினமும் தபால்காரரை வழிமறித்தேன். கடைசியில் விடுப்புப் போட்டுவிட்டுப் பட்டணத்துக்குப் பஸ் ஏறி, பல்கலைக்கழக அலுவலகத்தில் ஜன்னல் ஜன்னலாக நின்றேன். மூன்றாவது ஜன்னலில் ஒருவர் பேரேட்டைப் புரட்டிவிட்டு, "இந்தப் பேர்ல அப்ளிகேஷனே வரலியேய்யா" என்றார்.

தபாலில் தொலைந்ததா, கட்டு கட்டிய பிறகு போய்ச் சேர்ந்ததா, நான்தான் அவசரத்தில் முகவரியைத் தப்பாக எழுதித் தொலைத்தேனா, ஒன்றும் புரியவில்லை. அவர் கொண்டுவந்த படிவத்தைச் சரிபார்த்துக் கொடுத்திருந்தால் ஐந்து நிமிடத்திலேயே கிளம்பிப் போயிருப்பார் என்பது மட்டும் புரிந்தது. அடுத்த நாள் வானகரத்துக்குப் போனேன். என்ன சொல்வது என்று வழியெல்லாம் ஒத்திகை பார்த்துக்கொண்டு போனேன். வீடு பூட்டியிருந்தது. "பிரசவத்துக்கு அம்மா ஊட்டுக்குப் பூட்சி" என்றார் பக்கத்து வீட்டு அம்மாள். அந்த வீடு எங்கே என்று கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. உண்மையில் அப்போது எனக்கு நிம்மதியாகத்தான் இருந்தது. வெட்கக்கேடுதான், ஆனால் அதையும் சொல்லத்தானே வேண்டும்.

அதற்குப் பிறகு எனக்கு வேலையே ஓடவில்லை. மார்க்கைப் பார்ப்பேன், வாய் திறக்கும், சத்தம் வராது. "என்னய்யா, ஜோசியருக்கு வாக்கு பலிக்கலியா?" என்று முதல்வர்கூடக் கிண்டல் செய்தார்.

ஆவணி மாதம் ஒரு மத்தியானம். கூட்டமே இல்லை. தனபாக்கியம் இடுப்பில் மூன்று மாதப் பெண் குழந்தையோடு படியேறி வந்தார். நான் எழுந்து நின்றுவிட்டேன். ஒத்திகை பார்த்ததெல்லாம் மறந்துபோயிற்று.

"அம்மா, உங்க விண்ணப்பம் போய்ச் சேரல. எங்கே தப்பு நடந்துதுன்னே எனக்குத் தெரியல" என்று உளறினேன்.

"தொலையல சார். நான் அத்தப் போடவே இல்ல" என்றார்.

தபால் நிலையத்து வாசலில் நின்று உறையைப் பிரித்து, போஸ்டல் ஆர்டரைக் கழற்றி, மறுபடியும் தன்னுடைய பழைய படிவத்திலேயே குத்தி, பி.யூ.சி.க்கே அனுப்பிவிட்டாராம். நிறைமாத வயிற்றோடு போய் எழுதினாராம். பெஞ்சுக்கும் மேசைக்கும் நடுவில் உடம்பு நுழையவில்லையாம், பக்கவாட்டில் உட்கார்ந்து எழுதினாராம். மார்க் தாளை என் முன்னால் வைத்தார். எல்லாவற்றிலும் தேர்ச்சி. ஆங்கிலத்தில் மட்டும் தோல்வி.

எனக்கு ஒரு பக்கம் அப்பாடா என்று இருந்தது. இன்னொரு பக்கம், வெட்கமில்லாமல் சொல்கிறேன், கோபம் வந்தது. "பாத்தீங்களா? நான் சொன்னதைக் கேட்டிருந்தா இந்நேரம் பாஸ் பண்ணியிருப்பீங்க" என்றேன்.

குழந்தையை இடுப்பு மாற்றி வைத்துக்கொண்டு அவர் என்னைப் பார்த்தார்.

"நீ என் மார்க்கப் பாத்த. எதுக்கும்மா நீ வக்கீலு ஆவணும்னு ஒரு வார்த்த கேட்டியா சார்?"

கேட்கவில்லை.

"எங்கூட்டுக்காரரைக் கம்பெனில வேலைய உட்டு நிறுத்திட்டாங்கோ. விசாரணைன்னு கூப்ட்டு இங்கிலீஷ்ல ஒரு பேப்பரு எயுதி, கையெயுத்துப் போடுன்னாங்கோ. இவரும் போட்டுட்டாரு. நான்தான் தப்புப் பண்ணேன்னு அதுல எயுதிகிதாம், அப்பாலதான் தெரிஞ்சிது. லேபர் கோர்ட்டாண்ட போனோம். ரெண்டு வக்கீலும் இங்கிலீஷ்லயே பேசிகினாங்கோ. நாங்க பின்னால பெஞ்சில குந்திகினு அவங்க வாயயே பாத்துகினு இருந்தோம். வெளிய வந்தப்புறம் நம்ம வக்கீலு 'கேஸு போச்சும்மா'ன்னாரு. நாங்களும் அங்கதான் சார் இருந்தோம். எப்ப போச்சின்னே தெரியல."

அவர் மார்க் தாளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"நீ இன்னா சொன்ன? உனுக்கு இங்கிலீஷ் வராது, அதனால அது இல்லாத பக்கமாப் போன்னு சொன்ன. அது இல்லாத பக்கமாப் போய் நான் எங்க சார் போய் நிப்பேன்?"

குழந்தை அழ ஆரம்பித்தது. அதைத் தட்டிக்கொடுத்தபடியே, "போவட்டும் உடு. மறுபடியும் எயுதணும். எனக்கு இங்கிலீஷ் வருமா வராதா? அத்தச் சொல்லு" என்றார்.

உள்ளறையில் முதல்வர் இருந்தார். கதவு திறந்துதான் இருந்தது.

"தெரியாதும்மா" என்றேன்.

அந்த மேசையில் நான் அந்த வார்த்தையைச் சொன்னது அதுதான் முதல் தடவை. முதல்வர் வெளியே வந்து என்னைப் பார்த்தார், குழந்தையைப் பார்த்தார், திட்டுவதற்கு வாயெடுத்தவர் என்ன நினைத்தாரோ, "சாயங்கால இங்கிலீஷ் கிளாஸ்ல பின் பெஞ்சு காலியா இருக்கு, குழந்தை அழுதா வெளிய கூட்டிட்டுப் போகச் சொல்லு" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் போய்விட்டார். அவர் அப்படிச் சொன்னது எதனால் என்றும் எனக்கு இன்றுவரை தெரியாது.

இரண்டு மூன்று வருடம் வீட்டை விட்டு நகர முடியாது என்றவர், வாரம் நான்கு நாள் அந்தப் பின் பெஞ்சுக்கு வந்தார். புருஷன் அப்போது பூந்தமல்லியில் ஒரு லாரிப் பட்டறையில் சேர்ந்திருந்தார். வேலை முடிந்ததும் மாடிப்படியின் கீழே வந்து நின்று குழந்தையை வாங்கிக்கொள்வார். மறுமுறையும் ஆங்கிலத்தில் தோல்விதான். மூன்றாம் முறை தேறினார், மயிரிழையில். பிறகு வீட்டிலிருந்தே பி.ஏ., அதற்குப் பிறகு தொழிற்சாலை வேலையை விட்டுவிட்டுச் சட்டக் கல்லூரி. இதையெல்லாம் ஒரு வரியில் எழுதிவிட்டேன். அவருக்கு அது ஒன்பது வருடம் பிடித்தது.

எழுபத்தெட்டில் பக்கத்து வீட்டுக்காரர் ஒருவருக்குத் துணையாக லேபர் கோர்ட்டுக்குப் போனேன். அவருடைய வழக்கு வர நேரமாகும் என்றார்கள். பின்னால் ஒரு பெஞ்சில் உட்கார்ந்தேன். முன்னால் கறுப்பு அங்கியில் ஒரு பெண்மணி நின்றார். பின்பக்கம்தான் தெரிந்தது. குரலைக் கேட்டதும் கண்டுகொண்டேன்.

தனபாக்கியத்தின் கட்சிக்காரர் ஆவடிப் பக்கத்துத் தொழிலாளி. பெஞ்சின் நுனியில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கம்பெனி வக்கீல் ஆங்கிலத்தில் பொரிந்து தள்ளினார். அவர் நிறுத்தியதும் தனபாக்கியம் நீதிபதியிடம் அனுமதி கேட்டுக்கொண்டு பின்னால் திரும்பி, "நீ அன்னிக்கு லீவு சொல்லாம பூட்டன்றாங்கோ. சொன்னியா, சொல்லலியா?" என்றார். "சொன்னேம்மா, மேஸ்திரியாண்ட சொன்னேன்" என்றார் தொழிலாளி. தனபாக்கியம் திரும்பி அதை ஆங்கிலத்தில் சொன்னார். கம்பெனி வக்கீல் மறுபடி பேசினார். இவர் மறுபடி திரும்பினார். மூன்றாவது தடவை கம்பெனி வக்கீல் கடிகாரத்தைக் காட்டி, நேரம் வீணாகிறது என்று சலித்துக்கொண்டார். நீதிபதியும் நிமிர்ந்து பார்த்தார்.

தனபாக்கியம் ஆங்கிலத்தில் பதில் சொன்னார். மெதுவாக, ஒவ்வொரு வார்த்தையாக எடுத்து வைத்தார். இலக்கணம் ஒரு இடத்தில் உதைத்தது. இது இந்தத் தொழிலாளியின் வழக்கு, இங்கே நடப்பது இவருக்குத் தெரிய வேண்டும் என்பதுதான் அவர் சொன்னது. நீதிபதி தலையசைத்தார். தனபாக்கியம் மறுபடியும் பின்னால் திரும்பினார்.

அந்த வழக்கு என்ன ஆயிற்று என்று எனக்குத் தெரியாது, அதற்குள் எங்களை அடுத்த அறைக்குக் கூப்பிட்டுவிட்டார்கள். புலவர் வாசலில் நான் அனுப்பிவைத்தவர்கள் இன்றும் என்னை வாழ்த்துகிறார்கள், அவர்களுக்கு அதுதான் சரியான பரீட்சை. மார்க்கைப் பார்த்தது தப்பா என்று கேட்டால் தப்பு என்று என்னால் அடித்துச் சொல்ல முடியவில்லை. உங்கள் கணிப்பொறியும் பொய் சொல்லவில்லை. எந்தப் பரீட்சையில் தேறுவாய் என்று அது சொல்கிறது, எதற்காக எழுதுகிறாய் என்று அது கேட்பதில்லை. நானும் அன்று கேட்கவில்லை. என் தம்பி பேத்தியிடம் போன மாதம் கேட்டேன். "யோசிச்சுச் சொல்றேன் தாத்தா" என்றாள். இன்னும் சொல்லவில்லை, நானும் அவசரப்படுத்தவில்லை.

அன்று அந்தக் கோர்ட்டில் பின் பெஞ்சில் உட்கார்ந்து நான் கேட்ட ஆங்கிலம், முப்பத்தாறு மார்க் ஆங்கிலம். வேண்டாம், விட்டுவிடு என்று நான் சொன்ன அதே ஆங்கிலம்.